டிகிரி பார்த்தல்

1

என் அம்மா ஊர் மரக்காணம். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். விடுமுறைக்குப் போனால் காலையில் அவர் பின்னாடியே வரப்பில் நடப்பேன். பாத்தித் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு, அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார். குழாயின் கழுத்தில் கோடுகள் இருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் டிகிரி. கடல் தண்ணீர் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைத்து 25 டிகிரியைத் தொடும்போது உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும்.

தாத்தா பாதி நாள் குழாயைப் போடாமலே, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து டிகிரியைச் சொல்லிவிடுவார். ஒருநாள் கேட்டேன்: "அப்புறம் எதுக்கு தாத்தா இந்தக் குழாய்?"

"நான் சொல்றது சரியான்னு பாக்கத்தான்டா."

இந்தக் கட்டுரை உப்பைப் பற்றியது அல்ல. காரின் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரைப் பற்றியது. போன வருடம் இடையஞ்சாவடியில், ஒரு பழைய எஸ்டீமின் எஞ்சினுக்கு வெளியே வாங்கிய ஒரு ஈசியூவைப் பொருத்தினோம். நான் ஒயர்களையும் லேப்டாப்பையும் பார்த்துக்கொண்டேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் மெக்கானிக் அண்ணன் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அந்த நான்கு மாதங்களில் தாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

முதலில் அந்த வேலைக்கே அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர் வண்டி எனக்கு வேணாம் தம்பி. அதை நம்பித்தான் என் பொழப்பு போச்சு" என்றார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தேடப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் வந்து விழுந்தேன்.

2

பெட்ரோல் எஞ்சினுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இரண்டுதான். உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும்? அதை எந்த நொடியில் பற்றவைக்க வேண்டும்? எத்தனாலோ வேறு எதுவோ கலக்காத பெட்ரோல் என்றால், 1 கிராமை முழுசாக எரிக்க ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பற்றவைக்கும் நேரத்தை, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன் கிராங்க் ஷாஃப்ட் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். இங்கேயும் டிகிரிதான்.

பல பத்தாண்டுகளுக்கு இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னவை இரண்டு பாகங்கள். பெட்ரோலுக்குக் கார்புரேட்டர், நெருப்புக்கு டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டும் கையால் தொட்டுத் திருத்தக்கூடியவை. ஜெட்டை மாற்றலாம், ஸ்ப்ரிங்கை மாற்றலாம், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையே கொஞ்சம் திருகி வைக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை தெரியும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைச்சல், கரி பிடித்திருந்தால் அதிகம், காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி.

தமிழ்நாட்டில் இந்தக் கைவேலை உச்சத்துக்குப் போன இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1980கள் வரை, கார் பந்தயம் என்றாலே மெட்ராஸ்காரர்கள் வாயில் வந்த பெயர் சோழவரம்தான். சிலரிடம் வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் இருந்தன. விஜய் மல்லையா அங்கே ஓட்டியது ஒரு பழைய ஃபார்முலா ஒன் என்சைன். மற்றவர்களுக்குக் கிடைத்தது அம்பாசிடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டிய காலம். நல்ல கார்புரேட்டர் ஒன்றை வெளிநாட்டில் இருந்து வரவழைப்பது லேசான காரியம் இல்லை. அதனால் இருந்ததையே இழைத்தார்கள். சிலிண்டர் ஹெட்டைச் சீவினார்கள், காற்று போகும் வழியைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள், ஜெட்டின் துளையை நூலிழை அளவு பெரிதாக்கினார்கள்.

அந்தக் கைவேலையை வசதி குறைந்தவர்கள் பக்கமும் கொண்டுவந்தவர் கோவையின் எஸ். கரிவர்தன். மில் முதலாளி குடும்பத்துப் பிள்ளை. தானே ஓட்டுவார், தானே வடிவமைப்பார். 1988இல் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். அதற்குள் இருந்தது தெருவில் ஓடும் மாருதி 800இன் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். எந்த ஊரிலும் அதற்கு உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்து மாட்டுவார். 1990இல் பந்தயம் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிதாகக் கட்டிய தளத்துக்கு நகர்ந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மெக்கானிக் அண்ணன் தொழில் கற்றுக்கொண்டது இந்தக் காலத்தின் கடைசியில்தான். பாண்டிச்சேரியில் ஒரு ஷெட்டில் ஃபியட்டும் மாருதி 800ம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "மூணாவது சிலிண்டர் இருமுது" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக் கறுத்திருக்கும்.

3

அவர் காதுக்கு வேலை இல்லாமல் செய்த கதை தொடங்கும் இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த நகரத்தில் கண்ணை எரித்த புகைமூட்டம் கார் புகை மீது வெயில் பட்டு உண்டாவது என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் காட்டினார். அடுத்த பதினைந்து வருடங்களில் கலிஃபோர்னியாவும் பிறகு அமெரிக்க அரசும் புகைக்கு வரம்பு போடத் தொடங்கின. அந்தச் சந்தைக்கு கார் அனுப்பிக்கொண்டிருந்த ஃபோக்ஸ்வாகன், 1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணுப் பெட்டியைத் தன் கார்களில் வைத்தது. பெரிய அளவில் தயாரான முதல் மின்னணு ஃபியூயல் இன்ஜெக்ஷன் அதுதான். அடுத்த பிப்ரவரியில்தான் எங்கள் ஊரை ஒட்டி ஆரோவில்லுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதைச் சமாளிக்க வந்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். மூன்று விதமான நச்சையும் ஒன்றாகச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கலவை அந்த 14.7க்கு மிக நெருக்கமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏதாவது ஒரு நச்சு வெளியே போய்விடும். ஜெட்டும் ஸ்ப்ரிங்கும் அவ்வளவு துல்லியமாக நிற்காது. 1976இல் புகைக்குழாயில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் வால்வோ கார்களில் வந்தது. 1979இல் பாஷின் மோட்ரானிக், பெட்ரோலையும் நெருப்பையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. அன்று முதல் எஞ்சினின் குணம் ஒரு சில்லுக்குள் எழுதிய எண்களின் அட்டவணை ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கு இது இருபது வருடம் தாமதமாக வந்தது. வந்தபோது ஒரே மூச்சில் வந்தது. 1995இல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயம். 1999 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ தரத்தைக் கட்டாயமாக்கி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2000இல் நாடு முழுவதும் முதல்கட்ட விதிமுறை, 2001இல் சென்னைக்கு அடுத்த கட்டம். இதற்கு நடுவே 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது, எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்ஷனோடு. அது தயாரான தொழிற்சாலையும் இருங்காட்டுக்கோட்டையில்தான். கார்புரேட்டரைக் கையால் இழைத்தவர்களின் பந்தயத் தளமும், கார்புரேட்டர் இல்லாத சின்னக் கார் பிறந்த தொழிற்சாலையும் ஒரே ஊரில். கொஞ்ச காலத்தில் மாருதி 800கூட எம்பிஎஃப்ஐ ஆனது.

அண்ணனின் ஷெட்டுக்கு வந்த வண்டிகளின் பானெட்டுக்குள் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு விளக்கு எரியும். அது ஏன் எரிகிறது என்று சொல்ல ஸ்கேனர் வேண்டும். அன்றைக்கு ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருந்தது. "காது கேக்குது தம்பி, ஆனா எதைத் திருப்பறதுன்னு தெரியல" என்று அந்த வருடங்களைப் பற்றிச் சொன்னார். 2003 வாக்கில் அவர் ஊருக்குத் திரும்பி வந்து பைக், ஆயில் எஞ்சின், டிராக்டர் என்று இறங்கிவிட்டார்.

அவர் பிழைப்பு போனதற்குக் காரணம் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடலாம். ஆனால் காரணத்தின் இன்னொரு முனையில் சென்னையிலும் டெல்லியிலும் அந்தப் புகையைச் சுவாசித்த குழந்தைகள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

4

கம்பெனி போட்ட கம்ப்யூட்டரின் அட்டவணை கம்பெனி தயாரித்த எஞ்சினுக்கு மட்டும்தான் பொருந்தும். கேம் ஷாஃப்டை மாற்றினாலோ டர்போ வைத்தாலோ அந்த எண்கள் எல்லாம் தப்பு. பந்தயக்காரர்களுக்கு எண்களைத் தாங்களே எழுதக்கூடிய பெட்டி தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1986இல் ஹால்டெக்கும் 1987இல் மோடெக்கும் அந்தத் தேவையில் இருந்துதான் தொடங்கின. விலை சாமானியனுக்கு எட்டாது. 2001இல் அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவர்ட் என்ற வடிவத்தை வெளியிட்டார்கள். சர்க்யூட்டை வாங்கி, நீங்களே சால்டரிங் செய்து கட்டிக்கொள்ளலாம். பிறகு அர்டுயினோ பலகை மேல் ஓடும் ஸ்பீடுயினோ வந்தது, திறந்த மூல மென்பொருளோடு. கரிவர்தன் சேசிஸில் செய்த வேலையை இவர்கள் கம்ப்யூட்டரில் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் பெட்டியும் அந்த வகைதான். கார் 1996 மாடல் எஸ்டீம், கார்புரேட்டர் வண்டி, 1298 சிசி. சாலைக்கு அல்ல என்று முன்பே முடிவு செய்து பதிவை ரத்து செய்துவிட்டோம். தோப்புக்குள் சோதித்து, பிறகு லாரியில் ஏற்றிப் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோவது என்று திட்டம்.

வேலை ஒவ்வொரு சென்சாராக நகர்ந்தது. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பிற்கால எம்பிஎஃப்ஐ எஸ்டீமின் இன்டேக்கை இன்ஜெக்டர்களோடு மாட்டினோம். இன்டேக்கின் உள்ளழுத்தத்துக்கு ஒரு சென்சார், காற்றின் சூட்டுக்கு ஒன்று, கூலன்ட் சூட்டுக்கு ஒன்று, ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு ஒன்று. புகைக்குழாயில் வைட்பேண்டு ஆக்ஸிஜன் சென்சார். கிராங்க் புல்லியில் 36 பல் கொண்ட சக்கரம், அதில் ஒரு பல் இருக்காது. ஒரு பல்லுக்குப் பத்து டிகிரி. அந்த இடைவெளி கடக்கும்போது கிராங்க் எங்கே இருக்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்ளும்.

சென்சார்களின் எர்த் ஒயர்களை எல்லாம் தனியாகச் சேர்த்துப் பெட்டிக்கே கொண்டுபோக வேண்டும், கண்ட இடத்தில் பாடியில் போல்ட் போடக் கூடாது என்று படித்திருந்தேன். கடல் காற்றடிக்கும் எங்கள் ஊரில் பாடியில் போட்ட போல்ட் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். அண்ணன் எல்லா முனையையும் சால்டர் வைத்து, கிரீஸ் தடவி, சுருங்கும் குழாய் போட்டு மூடினார். "உப்புக் காத்து கம்ப்யூட்டர்னு பாக்காது."

முதலில் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டோம். பெட்டி வேகத்தைச் சரியாகக் காட்டியது. இணைப்பைப் போட்டதும் மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. அண்ணன் மட்டும் டைமிங் லைட்டை எடுத்துக்கொண்டு புல்லிப் பக்கம் குனிந்தார்.

இந்தக் கட்டத்தில் நெருப்பைப் பெட்டியில் 10 டிகிரிக்குப் பூட்டிவைத்து, புல்லியில் உள்ள குறி லைட் வெளிச்சத்தில் அதே 10இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றது. லேப்டாப்பை மூடப்போனேன். "வேகத்தை ஏத்து" என்றார். 3000க்கு ஏற்றினேன்.

"குறி நகருது தம்பி."

"நகரட்டும்ணே, வேகம் கூடினா டைமிங் முன்னாடி போகும்ல?"

"அது டிஸ்ட்ரிபியூட்டர்ல. இதைப் பூட்டி வச்சிருக்கேன்னு நீதான சொன்ன? பூட்டினது எப்படி நகரும்?"

அவர் சொன்னதுதான் சரி. கிராங்க் சென்சாரின் இரண்டு ஒயர்களையும் நான் மாற்றி இணைத்திருந்தேன். சிக்னல் தலைகீழாகப் போனதால் பெட்டி பல்லின் தவறான ஓரத்தை எண்ணியது. வேகம் கூடக்கூடப் பிழையும் கூடியது. லேப்டாப் திரையில் கடைசி வரை 10 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியே தோப்புக்குள் ஓட்டியிருந்தால் எஞ்சின் தவறான நேரத்தில் வெடித்து, எது பிழை என்றே தெரியாமல் பிஸ்டனை இழந்திருப்போம். இருபது வருடமாகப் பயன்படாத ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்க்காரரின் கண் அதைக் காப்பாற்றியது.

5

அதன் பிறகு அட்டவணை. நீளவாக்கில் எஞ்சின் வேகம், அகலவாக்கில் இன்டேக் அழுத்தம், 16க்கு 16. மொத்தம் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிலையில் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்ற ஒரு எண். திரையைப் பார்த்ததும் எனக்கு உப்பளத்துப் பாத்திகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு பாத்திக்கும் போய் டிகிரி பார்க்க வேண்டும்.

நான் ஓட்டினேன், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்தார். முதல் நாள் அவர் திரையைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக் கேட்டார். "இங்க காய்ஞ்சு ஓடுது." சென்சாரும் பெட்ரோல் குறைவு என்று காட்டியது. "இங்க குடிக்குது." சென்சாரும் அதையே சொன்னது. பெரும்பாலான கட்டங்களில் அவர் காதும் கருவியும் ஒத்துப்போயின.

ஒத்துப்போகாத கட்டங்களும் இருந்தன. முழு ஆக்சிலரேட்டரில், 4500க்கு மேல், எஞ்சின் கூர்மையாக, அழகாகக் கத்தியது. "இது பட்டு மாதிரி" என்றார் அண்ணன். சென்சார் பெட்ரோல் போதவில்லை என்றது. அந்த நிலையில் எஞ்சின் சத்தம் நன்றாக இருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். நான் எண்ணை ஏற்றினேன், சத்தம் கொஞ்சம் மந்தமானது. அவருக்கு அது பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். முனை வெளுத்திருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நானும் ஒரு இடத்தில் விழுந்தேன். மீட்டரில் 14.7 வந்தால் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது முழுசாக எரிய வேண்டிய காற்று 14.7 மடங்கு இல்லை, சுமார் 13.5 மடங்குதான். சென்சார் உண்மையில் அளப்பது லாம்டா என்ற விகிதத்தை. எரிபொருள் எதுவாக இருந்தாலும் சரியான கலவை லாம்டா 1. மீட்டர் அதைப் பழைய பெட்ரோலின் கணக்கில் பெருக்கிக் காட்டுகிறது. பெட்டியில் நான் கொடுத்திருந்த எரிபொருள் கணக்கும் பழையதுதான் என்று தெரிந்தபோது அட்டவணையில் பாதியைத் திரும்ப எழுதினோம். காது மட்டுமல்ல, எண்ணும் எதை அளக்கிறது என்று தெரியாவிட்டால் ஏமாற்றும்.

6

இந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இதைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றே நினைக்கிறேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எங்கள் 256 எண்கள் எஞ்சினுக்கு நல்லவையா என்று எங்களால் சொல்ல முடியும். தெருவில் நிற்பவர் மூச்சுக்கு நல்லவையா என்று சொல்லும் கருவி எங்களிடம் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு எந்தக் காதுக்கும் கேட்காது.

அப்படியானால் அட்டவணையைக் கம்பெனியிடமே பூட்டிக் கொடுத்துவிடலாமா? 2015இல் அதற்கும் பதில் கிடைத்தது. ஃபோக்ஸ்வாகனின் டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் சுத்தமாக ஓடும்படி அந்தப் பூட்டிய பெட்டிக்குள் எழுதப்பட்டிருந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். இதை வெளிக்கொண்டுவந்தவர்களில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன ஆய்வுக்குழு இருந்தது. குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பெயரைப் பார்த்ததும் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் பெட்டியைத் திறக்கவே இல்லை. அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஜெட்டா காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வந்தது.

மின்னணு இன்ஜெக்ஷனை முதலில் பெரிய அளவில் விற்ற அதே கம்பெனி. புகை வரம்புக்காக வந்த பெட்டியே கடைசியில் வரம்பை ஏமாற்றவும் உதவியது. பூட்டு யாரிடம் இருந்தாலும், வெளியே ஒருவர் குழாயைப் போட்டு டிகிரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாலையில் ஓடும் காரின் அட்டவணையை எழுதும் உரிமைக்கு எல்லை வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறேன். படிக்கும் உரிமையும் அளக்கும் கருவியும் மூலை ஷெட்டில் இருக்கிற மெக்கானிக் வரைக்கும் போக வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2003இல் அண்ணன் கையில் ஒரு ஸ்கேனர் இருந்திருந்தால் அவர் ஷெட்டை மூடியிருக்க மாட்டார்.

இப்போது ஒன்று வாங்கியிருக்கிறார். போனில் இணைவது, விலை ஆயிரம் ரூபாய்க்குள். போன வாரம் ஒரு பழைய சான்ட்ரோ விளக்கு எரிந்தபடி வந்தது. அண்ணன் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்துக் காதைக் கொடுத்தார். "ரெண்டாவது சிலிண்டர்" என்றார். பிறகு ஸ்கேனரைச் செருகி என்னைப் பார்த்தார்.

"என்ன வருது, படி பாப்போம்."

படித்தேன். இரண்டாவது சிலிண்டர்தான்.